மொட்டை மாடியும் செயற்கைக் கோளும்

தில்லியின் கரோல் பாகிலோ, மும்பையின் மாதுங்காவிலோ, கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் அருகிலோ பழைய வீடுகள் நிறைந்த தெரு ஒன்றில் செல்லும்போது சற்றே தலையை உயர்த்திப் பாருங்கள். எங்கேனும் ஒரு மொட்டை மாடியில் எட்டடி அகலமுள்ள கம்பிவலைக் குடை ஒன்று, துருவேறி, தெற்கு நோக்கிச் சாய்ந்தபடி நிற்கக் காணக்கூடும். அதன் நடுவே இருந்த கருவியைப் பழைய இரும்புக்காரர் என்றோ கொண்டு போயிருப்பார், புறாக்கள் குடிபுகுந்திருக்கும். இவற்றுட் பல, கேபிள் தொழில் நடத்தியவர்கள் நட்டவை. ஆயின் ஒரு சில, எவ்வித ஆதாயமும் கருதாது, வானத்தில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கும் ஆசை ஒன்றினாலேயே தனி மனிதர்கள் நட்டவை. அந்த ஆசையின் வரலாற்றையும், அது தேய்ந்த வகையையும் இன்று சிறிது நினைவுகூர்வோம்.

இப்பொழுதுபோக்கின் மூதாதை வானொலிதான். சிற்றலை வானொலியில் நள்ளிரவுவரை முள்ளைத் திருப்பித் திருப்பித் தொலைதூர நிலையங்களைத் தேடிப் பிடித்து, கேட்டதை நிலையத்தார்க்கு எழுதி, அவர்கள் அனுப்பும் அத்தாட்சி அட்டையைப் பெட்டியில் சேர்த்து வைத்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. இலண்டனிலிருந்து 1941 முதலும், பீகிங்கிலிருந்து 1963 முதலும் தமிழில் ஒலிபரப்பு நடந்தது. இலங்கை வானொலியைச் சொல்லவே வேண்டுவதில்லை. ஓசையைத் தேடிப் பழகிய காதுகளுக்கு அடுத்தபடியாக உருவத்தையும் தேடத் தோன்றியது இயற்கையே.

உருவம் வருவதற்கு வழி 1945-இலேயே எழுத்தில் வந்துவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஆர்தர் சி. கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளர், பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையம் சுற்றுமாயின் அது பூமியோடு சேர்ந்தே சுழன்று நமக்கு நிலையாக நிற்பதுபோலத் தோன்றும் என்றும், அத்தகைய மூன்று நிலையங்கள் உலகம் முழுவதற்கும் அஞ்சல் செய்யப் போதும் என்றும் ஒரு பத்திரிகையில் விளக்கினார். பின்னர் அவர் இலங்கையில் குடியேறினார். தாம் எழுதியதைத் தம் வீட்டிலேயே கண்ணாரக் காணும் பேறு அவருக்கு 1975-இல் வாய்த்தது. அதனை வாய்க்கச் செய்தது நம் நாடு.

அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக் கோளை ஓராண்டு இரவல் பெற்று, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இந்தியா அனுப்பியது. ராஜஸ்தான், பீகார், ஒரிஸ்ஸா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் என்பன அம்மாநிலங்கள். கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையைக் கொண்டு பத்தடி அகலக் குடை செய்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தருகே நட்டு, பயிர்த்தொழிலும் சுகாதாரமும் காட்டினர். இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகியவை அதில் ஒலித்தன, தமிழ் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் அதே ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. ஆனால் அதன் அலை சென்னைச் சுற்றுப்புறத்தைத் தாண்டவில்லை.

இந்திய விண்வெளித் துறையினர் கொழும்பில் கிளார்க்கின் இல்லத்திலும் ஐந்து மீட்டர் குடை ஒன்றை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையில் அன்று தொலைக்காட்சியே இல்லை. அந்த வீட்டு மாடிக்கு வந்தவர்களெல்லாம் இந்திய உழவர்க்கென்று எடுத்த படங்களைப் பார்த்து வியந்தனர். இஃது அழைப்பின்பேரில் வந்த விருந்து. அழைப்பின்றியே வந்த விருந்தாளி ஒருவர் இங்கிலாந்தின் ஷெபீல்டில் இருந்தார். ஸ்டீவ் பிர்க்கில் என்னும் பொறியாளர் தம் கையால் செய்த ஐந்தடிக் குடை ஒன்றைக் கிழக்கு நோக்கித் திருப்பி, இந்தியக் கிராமங்களுக்கு விட்ட அலையின் ஓரச் சிதறலைப் பிடித்துத் தம் பெட்டியில் படம் வரவழைத்தார். பிறருக்கென்று விடப்பட்ட ஒன்றைத் தனி மனிதர் ஒருவர் தம் கைத்திறனால் பெற்றுக் காண்பதென்னும் இப்பொழுதுபோக்குக்கு இதனையே பிறந்தநாள் எனலாம். தொட்டிலில் ஆடிய குழந்தை நம்முடையது என்பதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு.

அமெரிக்காவில் இது விரைவில் பெருகியது. 1976-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டெய்லர் ஹோவர்டு, படைத்துறை கழித்துப் போட்ட குடை ஒன்றைக் கொண்டு, எச்.பி.ஓ. நிறுவனம் கேபிள்காரர்களுக்கு அனுப்பிய திரைப்படங்களைத் தம் வீட்டில் பெற்றார். நேர்மையாளர் ஆதலின் 100 டாலருக்குக் காசோலை எழுதி அந்நிறுவனத்துக்கு அனுப்பினார். தனி மனிதரிடம் வாங்கும் வழக்கமில்லை என்று அதனைத் திருப்பி அனுப்பிவிட்டனர். பின்னர் எச்.பி.ஓ. 1986 ஜனவரியில் தன் அலையைப் பூட்டியது. பூட்டைத் திறக்கும் கருவியும் மாதம் 12.95 டாலரும் வேண்டும் என்றது. அவ்வாண்டு ஏப்ரலில், டிஷ் வியாபாரம் படுத்துவிட்ட ஒருவர் இரவில் அந்த அலைவரிசைமீதே தம் எதிர்ப்பை எழுதிக் காட்டினார். நாலரை நிமிடம் நாட்டின் கிழக்குப் பகுதி அதைப் படித்தது. நம் நாட்டில் நிகழவிருந்ததன் முன்னோட்டம் இதுவென்று அன்று நாம் அறியோம்.

இனி நம் கதைக்கு வருவோம். 1982-இல் நாடு முழுவதற்குமான ஒரே நிகழ்ச்சி வரிசை தொடங்கியபின், வடக்கே இருந்த தமிழ்க் குடும்பம் ஒன்றுக்குத் தொலைக்காட்சியில் தமிழ் கிடைத்த வேளை எது? ஞாயிறு பிற்பகலில் காட்டும் மாநில மொழிப் படம் ஒன்றே. அதுவும் வங்காளம், மலையாளம், மராத்தி, கன்னடம் என்று முறை சுற்றிப் பல வாரங்களுக்கொருமுறை தமிழுக்கு வரும். அந்த ஞாயிற்றில் தமிழ் தெரிந்த அண்டை வீட்டார் அனைவரும் ஒரு வீட்டில் கூடுவர். பள்ளியில் இந்தியும் தெருவில் பஞ்சாபியும் பேசி வளரும் குழந்தைகளுக்கு, தமிழ் என்பது தாயும் தந்தையும் மட்டும் பேசும் பாஷையன்று, ஊர் முழுதும் பேசும் பாஷை என்று காட்டும் வாய்ப்பு அஃதொன்றே. பிற மாநிலத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் இதன் அருமையை அறிவர்.

1991-இல் வளைகுடாப் போர்க்காட்சிகள் பெரிய ஹோட்டல்களின் டிஷ்களில் வந்திறங்கின. அவ்வாண்டே ஹாங்காங்கிலிருந்து ஸ்டார் நிறுவனம் ஆசியாசாட்-1 வழியாக ஒளிபரப்பலாயிற்று. இந்தக் கோளின் பிறப்பே ஒரு கதை. 1984-இல் வெஸ்டார்-6 என்னும் பெயரோடு ஏவப்பட்டு, உரிய இடத்தை அடையாது தவறிப் போய், அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்கலத்தினர் கையாற் பிடித்துப் பூமிக்கு மீட்டு வந்து, பழுது பார்த்து விற்க, 1990 ஏப்ரலில் சீன ராக்கெட் ஒன்றின் மீது மறுபடி ஏறியது. காணாமற்போய் மீண்ட பிள்ளைதான் ஆசியாவின் தொலைக்காட்சியை மாற்றியது. 1992 அக்டோபரில் ஜீ வந்தது. 1993 ஏப்ரல் 14-ஆம் நாள், தமிழ்ப் புத்தாண்டன்று, சன் வந்தது. அரசின் மாநில மொழி நிகழ்ச்சிகளும் அப்பத்தாண்டில் செயற்கைக் கோள் ஏறி நாடெங்கும் இறங்கின. சென்னையின் அந்த அலைவரிசையே பின்னர்ப் பொதிகை என்று பெயர் பெற்றுப் பல்லாண்டு விளங்கி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று மாறியது.

ஆக, வானத்தில் தமிழ் இருந்தது, வீட்டில் இல்லை. காரணம் எளிது. அறுபது வீடுகளுள்ள குடியிருப்பில் நான்கே தமிழ் வீடுகள் இருந்தால், கேபிள்காரர் தம்மிடமுள்ள சில இடங்களுள் ஒன்றைத் தமிழுக்கு ஒதுக்குவாரா? கெஞ்சியவர் உண்டு, நான்கு வீட்டாரும் கூடுதற் பணம் தருவதாகச் சொல்லியும் பயன் காணாதவர் உண்டு. எனவே சிலர் தாமே டிஷ் வாங்கினர். ஊர்ப்பாசத்தால் வாங்கியவர்களுள் ஒரு பகுதியார், வாங்கியபின் வானப்பாசத்தில் விழுந்தனர். தமிழ் வந்த பிறகும் அவர்களால் டிஷைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை.

டிஷைத் திருப்புவது எவ்வாறென்று அறியாத இளைஞர்களுக்காகச் சிறிது விரித்துரைப்போம். 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கோளிலிருந்து ஓர் அலைவரிசைக்கு வெளிப்படும் ஆற்றல் வீட்டுக் குழல்விளக்கின் ஆற்றலை ஒட்டியதே. அது பாதி உலகுக்குப் பரவி நம் மாடியில் விழும்போது அணுவினும் அணுவாகிறது. அதனைக் குடை முழுதும் வாங்கிக் குவியத்தில் சேர்க்கவேண்டும். குவியத்தில் இருப்பது எல்.என்.பி. என்று நாம் அழைத்த சிறு பெட்டி. அது 4,000 மெகாஹெர்ட்ஸ் அளவில் வரும் அலையைக் கீழிறக்கிக் கம்பி வழியே ரிசீவருக்குக் கொடுக்கும். குடையின் வளைவு எங்கேனும் அரை அங்குலம் நெளிந்திருந்தாலும் படம் நலியும். தூண் செங்குத்தாக நிற்கவேண்டும். தூக்குக் குண்டு கட்டிப் பார்ப்போம். வடதிசை சரியாகத் தெரியவேண்டும். திசைகாட்டி காட்டும் வடக்கு இரும்புக் கம்பி நிறைந்த மாடியில் பொய் சொல்லும் ஆதலால், நண்பகல் நிழலையோ துருவ நட்சத்திரத்தையோ நம்பியோர் உண்டு. நம் இன்சாட் கோள்கள் சில நின்ற 83 டிகிரி கிழக்கைப் பார்க்க, சென்னையில் டிஷ் ஏறக்குறைய 74 டிகிரி நிமிர்ந்து உச்சியைப் பார்க்கும். தில்லியிலோ 56 டிகிரி அளவே நிமிர்ந்து, தெற்கிலிருந்து சற்றுக் கிழக்கே ஒதுங்கி நோக்கும். வடக்கே போகப் போக டிஷ் குனிந்து தெற்கைப் பார்க்கிறது என்பதில் நம்மவர் ஒரு வேடிக்கையான பொருத்தம் கண்டனர்.

இவ்வளவுக்கும் பிறகு தொடங்கும் உண்மையான வேலை. மாடியில் ஒருவர் டிஷைப் பிடித்திருப்பார். கீழே அறையில் ஒருவர் பெட்டியைப் பார்த்திருப்பார். நடுவே படிக்கட்டில் ஒரு பையன் செய்தி கடத்துவான். "வந்துதா?" "வரலை!" "இப்ப?" "வந்துது, போயிடுத்து!" என்று அரைநாள் கழியும். பெட்டியில் முதலில் வெண்மணல் கொதிக்கும். பின்பு மணலுக்குள் ஏதோ ஒரு நிழல் அசையும். மயிரிழை திருப்பினால் நிழலுக்குக் கண்ணும் வாயும் வரும். இன்னும் மயிரிழை; நிறம் வரும். மின்னும் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறையும். எல்.என்.பி.யைச் சற்றே முறுக்கினால் குறுக்கலை நெட்டலை பொருந்திப் படம் துலங்கும். யாரோ ஒரு பெண்மணி புரியாத பாஷையில் செய்தி வாசித்துக்கொண்டிருப்பார். அது சீனமா, தாய்லாந்தா, இந்தோனேசியமா என்று ஆராய்வதில் அன்றைய மாலை போகும். மோட்டார் பூட்டிய டிஷ் வைத்திருந்தவர்கள் பாக்கியசாலிகள்; பொத்தானை அழுத்திக் கிழக்குவானிலிருந்து மேற்குவானுக்கு ஒவ்வொரு கோளாக உலாவினர். ஏனையோர் கையாலேயே தள்ளினோம்.

இத்தகையோர் ஒவ்வொருவரிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. கோளின் இடம், அலைவரிசை எண், கிடைத்த நாள், படத்தின் தெளிவு ஆகியவை அதில் எழுதப்பட்டன. வீட்டுப் பால் கணக்கும் அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்ததுண்டு. கிரிக்கெட் மைதானத்திலிருந்து நிலையத்துக்கு அனுப்பும் இடைத்தொடர்பு அலையைப் பிடித்துவிட்டால் அது திருவிழா; விளம்பரமும் வர்ணனையும் இன்றி, ஆட்டம் தொடங்குமுன் ஆட்கள் புல்லை உருட்டுவதுவரை காணலாம்.

தேய்வு எவ்வாறு தொடங்கியது? பலர் கேபிளையும் டிடிஎச்சையும் மட்டுமே குறை கூறுவர். நம் கருத்தில் முதல் அடி வேறிடத்தில் விழுந்தது. 1990-களின் பிற்பகுதியில் அலைவரிசைகள் டிஜிடல் முறைக்கு மாறத் தொடங்கின. பழைய ஒரு படம் சென்ற இடத்தில் இப்பொழுது பல படங்கள் சென்றன. செலுத்துவோர்க்கு அது பெருஞ் சிக்கனம். ஆனால் டிஜிடல் படத்துக்கு நடுநிலை என்பதில்லை. வந்தால் முழுதும் வரும், இல்லையேல் கருந்திரை. மணலுக்குள் அசையும் நிழல் போயிற்று. கை சரியான வழியில் செல்கிறதா என்று சொல்லக் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அலைவரிசை எண்ணோடு குறியீட்டு வேகம் முதலிய வேறு எண்களும் முன்னரே தெரிந்திருந்தாலன்றிப் பெட்டி வாய் திறவாது. தேடிக் காண்பதாக இருந்த கலை, அறிந்ததைச் சரிபார்ப்பதாகச் சுருங்கிற்று. அதற்கு முன்பே கட்டணச் சேனல்கள் ஒவ்வொன்றாகப் பூட்டுப் போட்டுக்கொண்டன. பழைய ரிசீவரை வைத்திருந்தவர் புதியது வாங்கவேண்டும். வாங்கினாலும் பூட்டின் அட்டை கேபிள்காரருக்கே கிடைக்கும், தனி ஆளுக்குக் கிடையாது. அமெரிக்கப் பேராசிரியரின் காசோலை திரும்பி வந்த கதையே இங்கும்.

இடையில் அரசின் ஆணை ஒன்று, நினையாத வகையில், பெரிய டிஷ்களுக்கு ஆயுள் கொடுத்தது. 1997 ஜூலையில் 4,800 மெகாஹெர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளில் வீடுகளுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி பெறுவது தடை செய்யப்பட்டது. சிறு தட்டளவு டிஷ்ஷுக்கு ஏற்ற கே.யு. அலை அதில் அடங்கும். 2000 நவம்பரில் தடையை நீக்க முடிவாகி, 2001 மார்ச்சில் விதிமுறைகள் வெளிவந்தன. 2003-இல் முதல் தனியார் சேவையும், 2004 டிசம்பரில் மாதக் கட்டணமில்லாத அரசின் டிடி டைரக்ட் சேவையும் தொடங்கின. அதன்பின் எட்டடிக் குடைக்கு வேலை ஏது? இரண்டடித் தட்டு ஒன்றை ஜன்னலோரத்தில் ஓர் ஆள் வந்து அரைமணியில் முறுக்கிவிட்டுப் போனார். சென்னையில் என்ன உண்டோ அது சிம்லாவிலும் உண்டு என்றாயிற்று.

இதற்காக நாம் வருந்தவேண்டுமா? உண்மையைச் சொன்னால், வருந்தியவர் வீட்டில் தனியாகவே வருந்தினார். மற்றையோர் மகிழ்ந்தனர். மாடியில் கத்தல் ஓய்ந்தது. மழைக்காலத்தில் இடிதாங்கியைப் பற்றிய கவலை தீர்ந்தது. பாட்டிக்கு வேளை தவறாது தமிழ்த் தொடர் கிடைத்தது. குழந்தைகள் ஊர்ப் பேச்சைக் கேட்டு வளர்ந்தனர். எதற்காக நம்மவர் முதலில் டிஷ் வாங்கினரோ அந்த நோக்கம், டிஷ் ஒழிந்த பிறகே முழுமையாக நிறைவேறியது. இதை மறைப்பது நேர்மையாகாது.

ஆனால் மாறியது இன்னொன்றும் உண்டு. 2010 ஜூலையில் இன்சாட்-4பி கோளில் மின்னாற்றல் கோளாறு ஏற்பட்டு அதன் அஞ்சல் கருவிகளுட் பாதி நிறுத்தப்பட்டன. அதனை நம்பியிருந்த தமிழ் வீடுகளில் பல சேனல்கள் மறைந்தன. அந்நாளில் பழைய ஆர்வலர்கள், எந்தக் கோளில் எந்தச் சேனல் இன்னும் பூட்டின்றி வருகிறதென்று தெரிந்தவர்கள் ஆதலால், கைவிட்டிருந்த பெரிய டிஷ்ஷைத் துடைத்துத் திருப்பினர். மற்றையோர் தொலைபேசியில் புகார் எண்ணை அழைத்துக் காத்திருந்தனர். தம் வீட்டுக்குப் படம் எங்கிருந்து வருகிறதென்பதே அறியாதவர்களாக அதற்குள் பெரும்பாலோர் ஆகிவிட்டிருந்தனர்.

பின்னர் நிகழ்ந்தவை விரைவில் சொல்லத் தக்கவை. 2012 முதல் கேபிளும் டிஜிடலாயிற்று. 2016-க்குப் பின் கைப்பேசியில் இணையம் மலிந்தது. நாடகமும் படமும் வானத்திலிருந்து இறங்குவதை விட்டுக் கம்பியிலும் கோபுரத்திலும் வரலாயின. தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தன. மொட்டை மாடி எவருக்கும் சொந்தமில்லை, எட்டடிக் குடைக்குச் சங்கத்தார் இடந்தரார். 2022-இல் 5ஜி சேவைக்கென ஏலம் விட்ட 3,300 முதல் 3,670 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகள், பெரிய டிஷ்கள் கேட்கும் அலைகளுக்கு அண்டை வீடு. அருகில் 5ஜி கோபுரம் எழுந்த இடங்களில் அதன் பேரொலியில் வானத்தின் மெல்லொலி அமிழ்ந்துபோகும். வடிகட்டி ஒன்றைப் பொருத்தினாலன்றிப் படம் நில்லாது. இன்றும் வடிகட்டி வாங்கிப் பொருத்துவோர் இருக்கின்றனர். தொகை சிறிது; வயதில் மூத்தவர் பலர்.

உங்களுள் எவரேனும் பழைய டிஷ் ஒன்றை இன்னும் கழற்றாமல் வைத்திருப்பீராயின், ஒரு சிறு சோதனை சொல்லுவோம். ஆண்டுக்கு இருமுறை, தில்லியை ஒட்டிய ஊர்களில் மார்ச் முற்பகுதியிலும் அக்டோபர் முற்பகுதியிலும், சூரியன் சரியாகச் செயற்கைக் கோளின் பின்னே சில நிமிடம் கடந்து செல்லும். தெற்கே வர வர மார்ச்சில் அந்நாள் சிறிது பிந்தியும், இலையுதிர் பருவத்தில் சிறிது முந்தியும் வரும். அவ்வேளையில் சூரியனின் இரைச்சலில் படம் தடுமாறும். 83 டிகிரிக் கோளுக்கு அது நண்பகலை ஒட்டி நிகழும். அப்பொழுது மாடிக்குச் சென்று பாருங்கள். குவியத்தில் இருக்கும் எல்.என்.பி.யின் நிழல் குடையின் நட்ட நடுவில் விழுந்தால், நீங்கள் அன்று திருப்பி வைத்த டிஷ் இன்னும் இம்மியும் பிசகவில்லை. எல்.என்.பி.யை இரும்புக்காரர் கொண்டு போயிருந்தால், அதன் இடத்தில் ஒரு தேங்காய் மூடியைக் கட்டி வைத்தாலும் நிழல் விழும்.